மோசமாக ஆடுகிறவர்களிடமே தோற்கிறேன், எப்படி நிதானமாக இருப்பது?

கேள்வி: சான் ஹோசேயில் மென்பொருள் வேலை, வயது 34. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் பக்கத்து கார்டு ரூமில் 1-3 டாலர் நோ-லிமிட் ஹோல்டம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர்) ஆடுகிறேன். முறையாகப் படித்துக் கற்றுக்கொண்டுதான் உட்காருகிறேன். ஆனால் ஒன்றுமே தெரியாதவர்களிடம்தான் பணம் போகிறது. போன மாதம் கைக்கு வரும் இரண்டு சீட்டாக ஏஸ் ஜோடி வந்தது. 15 டாலருக்கு ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்), நான்கு பேர் வந்தார்கள். ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) கிங்-9-4. 50 போட்டேன், ஒரு பெரியவர் மட்டும் கால் செய்தார் (அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தார்). டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) 2. கையிலிருந்த 230-ஐயும் தள்ளினேன். அவரிடம் 9-4! அதே இரவு கிங் ஜோடி. ஃப்ளாப் கிங்-7-3, டர்ன் 6. நடுவில் 200 டாலர் இருந்தது, மூன்று கிங்கோடு, இருந்த 180 முழுவதையும் வைத்து ஆல்-இன் போனேன். அதே பெரியவர் 10-9 வைத்துக்கொண்டு வந்தார், ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) 8 விழுந்து ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) ஆகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு எப்படி வருகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். பிறகு கைக்கு வந்த சீட்டையெல்லாம் ஆடி இன்னும் 400 டாலர் விட்டேன். மனைவி கேட்டால், போட்டதை எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பந்தயம் பெரிதான 5-10 டாலர் மேசைக்குப் போனால் அங்கே என் ரெய்ஸுக்கு மதிப்பு இருக்கும் என்று நண்பர் சொல்கிறார். போகலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு கைகளை விவரித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மாதிரி வலித்திருக்கும், ஆனால் இரண்டும் ஒரே மாதிரியானவை இல்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். நிதானம் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் கிங் ஜோடி. டர்னில் சீட்டு விழுந்தபோது அந்தப் பெரியவரைக் காப்பாற்றக்கூடிய சீட்டுகள் நான்கே நான்கு, நான்கு எட்டுகள். உங்கள் இருவர் கையையும் மேசையில் கிடந்ததையும் கழித்தால் மீதி 44 சீட்டு. பதினொன்றில் பத்து முறை நீங்கள் ஜெயிக்கும் இடத்தில் அவர் 180 டாலர் போட்டார். மொத்தம் 560 டாலர் குவிந்த அந்த ஆட்டத்தில் அவருடைய பங்கின் மதிப்பு 51 டாலர்தான். அதாவது ஒரே ஒரு கால் மூலம் சராசரியாக 129 டாலரை அவர் உங்கள் பக்கம் தள்ளினார். பிறகு 8 விழுந்தது. அந்த 8 உங்கள் கையிலிருந்த பணத்தைத்தான் மாற்றியது, அதற்கு முன் நீங்கள் எடுத்த முடிவை அது தொடவே இல்லை. இது உண்மையான துரதிர்ஷ்டம். உங்கள் வருத்தம் நியாயமானது.

ஏஸ் ஜோடிக் கதை வேறு. ஃப்ளாப் விழுவதற்கு முன் அவர் 9-4 வைத்து 15 டாலர் போட்டது தவறு, சந்தேகமே இல்லை. ஏஸ் ஜோடிக்கு எதிரே தனியாக நின்றால் அந்தக் கை நூறில் சுமார் 12 முறைதான் ஜெயிக்கும். ஆனால் ஃப்ளாப் விழுந்த கணத்திலேயே அவரிடம் இரண்டு ஜோடி. நீங்கள் 230-ஐத் தள்ளியபோது பின்தங்கி நின்றது நீங்கள்தான். உங்களைக் காப்பாற்றக்கூடியவை இரண்டு ஏஸ், மூன்று கிங், மூன்று 2, ஆக எட்டுச் சீட்டு. நூறில் 18 முறை. நடுவில் 175 டாலர் இருக்கும்போது 230 போடுகிறீர்கள். அதற்கு யார் வருவார் என்று அப்போது நினைத்துப் பார்த்தீர்களா? ஒற்றைக் கிங் வைத்திருப்பவர் 80 டாலர் என்றால் வந்திருப்பார், 230 என்றால் பெரும்பாலும் சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகியிருப்பார். உங்களை ஜெயித்துக்கொண்டிருப்பவர் எப்படியும் வருவார். அந்த 230-இல் ஒரு பகுதி உங்கள் முடிவால் போனது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் கோபம் வந்தபோது இரண்டு இழப்பையும் ஒரே மூட்டையில் கட்டி 'அவருடைய அதிர்ஷ்டம்' என்று எழுதி வைத்துவிட்டீர்கள். அந்த மூட்டைக்குள் நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று புதைந்துபோனது. கோபத்தால் வரும் பெரிய நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன். பிறகு விட்ட 400 டாலரைவிட இது பெரியது.

மனம் கடைசிச் சீட்டை மட்டும்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2003 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் நடந்த ஒரு கை இதற்கு நல்ல சாட்சி. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சின்னக் கட்டணப் போட்டி ஒன்றில் ஜெயித்து லாஸ் வேகாஸ் வந்தவர். எதிரே ஃபில் ஐவி, அப்போதே உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். பத்துப் பேர் மிஞ்சியிருந்தார்கள். மணிமேக்கரிடம் ஏஸ்-குயீன், ஐவியிடம் ஒன்பது ஜோடி. ஃப்ளாப்பில் இரண்டு குயீனும் ஒரு ஆறும். டர்னில் 9 விழுந்து ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்பதும் இரண்டு குயீனும்). அங்கேதான் முழுப் பணமும் உள்ளே போனது. மணிமேக்கருக்கு மிஞ்சிய வாய்ப்பு ஏழு சீட்டு, நூறில் 16. ரிவரில் ஏஸ். ஐவி வெளியேறினார், மணிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார்.

இதைச் சொல்பவர்கள் எல்லோரும் ரிவர் ஏஸைத்தான் சொல்வார்கள். ஃப்ளாப்பில் மூன்று குயீனோடு முன்னால் இருந்தவர் மணிமேக்கர்தான், ஐவி இரண்டே இரண்டு ஒன்பதுகளில் ஒன்றைப் பிடித்துத்தான் டர்னில் முந்தினார் என்பதை யாரும் சொல்வதில்லை. அதிர்ஷ்டம் அந்த ஒரு கையில் இரண்டு முறை இடம் மாறியது. ஐவி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே நிதானத்தோடு ஆடினார், 2017-இல் போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார், 2024-இல் தன் 11-ஆவது பிரேஸ்லெட்டை (உலக போக்கர் தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தவருக்குத் தரும் காப்பு) வென்றார்.

மணிமேக்கரின் அந்த வெற்றி வேறொன்றையும் செய்தது. 2003-இல் அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மறு ஆண்டு 2,576. 2006-இல் 8,773. சாதாரண மனிதர் ஒருவர் ஜெயித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த ஆயிரக்கணக்கானோர் தாங்களும் ஜெயிக்கலாம் என்று நம்பி வந்தார்கள். நீங்களும் நானும் உட்காரும் மேசைகள் அந்த நம்பிக்கையால்தான் நிரம்பியிருக்கின்றன. சதுரங்கத்தில் தெரியாதவர் தெரிந்தவரிடம் பத்து முறை ஆடினால் பத்து முறையும் தோற்பார், பதினோராவது முறை பணம் கட்டி உட்காரமாட்டார். போக்கரில் அவர் நடுநடுவே ஜெயிக்கிறார். சில சனிக்கிழமை கை நிறைய சிப்போடு வீட்டுக்குப் போகிறார். அதனால்தான் அடுத்த வாரமும் வருகிறார். அவர் ஜெயிக்கும் வாய்ப்பே இல்லாத ஆட்டம் வேண்டும் என்று நினைத்தால், அங்கே உங்களோடு ஆட யாருமே இருக்கமாட்டார்கள்.

இன்னொரு கணக்கு. ஏஸ் ஜோடிக்கு எதிரே ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் வந்தால் கடைசிவரை போய் நீங்கள் ஜெயிப்பது நூறில் 85 முறை. இரண்டு பேர் வந்தால் 73. நான்கு பேர் வந்தால் சுமார் 56. அன்று உங்கள் ரெய்ஸுக்கு நான்கு பேர் வந்தார்கள். அதாவது ஏறக்குறைய பாதி முறை அந்த ஏஸ்கள் தோற்கத்தான் போகின்றன. அப்படியிருந்தும் அது அருமையான நிலை. ஐந்து பேர் சமமாகப் பணம் போட்ட இடத்தில் உங்கள் நியாயமான பங்கு நூறில் 20, உங்களுக்குக் கிடைத்திருப்பது 56. பலவீனமான மேசையில் லாபம் இப்படித்தான் வரும்: அடிக்கடி தோற்று, ஜெயிக்கும்போது அதிகமாக ஜெயித்து. தெரிந்தவர்கள் மேசையில் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள், உங்கள் ஏஸ்கள் 4 டாலர் பிளைண்டை (ஒவ்வொரு கைக்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் 1, 3 டாலர்) ஜெயிக்கும். மனசுக்கு இதமாக இருக்கும், கையில் காசு இருக்காது.

நேரடி ஆட்டத்தில் வலி ஏன் கூடுதல் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மணிக்கு 30 கை என்று வைத்தால் ஆறு மணி நேரத்தில் 180 கை. ஏஸ் ஜோடி வருவது 221-இல் ஒரு முறை. பாதிக்குச் சற்றுக் குறைவான சனிக்கிழமைகளில் அது உங்களுக்கு வரவே வராது. வாரக்கணக்கில் காத்திருந்து வந்த ஒன்று 9-4-இடம் தோற்றால், இது எனக்குச் சேர வேண்டியது என்ற எண்ணம் எழாமல் இருக்காது. அந்த எண்ணத்தைத்தான் பிடிக்க வேண்டும். நடுவில் குவிந்த பணம் யாருக்கும் சேர வேண்டியது என்று இல்லை. டீலர் கடைசிச் சீட்டைத் திருப்பும்வரை உங்களுக்கு இருப்பது நூறில் இத்தனை என்ற பங்கு மட்டும். அந்தப் பங்கை நல்ல விலைக்கு வாங்கினீர்களா என்பது ஒன்றே உங்கள் பொறுப்பு.

இனி செய்ய வேண்டியவை. மூச்சை ஆழமாக இழுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது உங்களுக்கு உதவாது. கோபம் தலைக்கேறிய பிறகு எடுக்கும் தீர்மானம் எதுவும் நிற்காது. எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரிய கை ஒன்று தோற்றால், ஜெயித்தவருக்கு 'நைஸ் ஹேண்ட்' சொல்லிவிட்டு, சிப்பை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வெளியே போங்கள். கார் நிறுத்துமிடம்வரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு சுற்று பிளைண்ட் தவறினால் திரும்பி வரும்போது கட்ட வேண்டியது அதிகபட்சம் 4 டாலர். உங்களுக்கு அன்று உட்கார்ந்தே இருந்ததால் ஆன செலவு 400. கோபம் இருக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்து ஆராய வேண்டாம். ஐம்பது பிக் பிளைண்டுக்கு (பெரிய பிளைண்ட் 3 டாலர், ஆக 150 டாலருக்கு) மேல் ஒரே கையில் போனால் எழுந்துவிடுவது என்று விதியாக வைத்துக்கொள்ளுங்கள், மனம் அமைதியாக இருப்பதாகத் தோன்றினாலும் எழுந்துவிடுங்கள். இரண்டு பை-இன் (ஒரு முறை மேசையில் உட்காரச் சிப் வாங்கும் தொகை) போனால் அன்றைக்கு வீடு. மூன்றாவது பை-இன்னுக்கான பணமும் ஏடிஎம் அட்டையும் வண்டியில்கூட இருக்கக் கூடாது.

ஒரு சின்னக் குறிப்பேடு வாங்குங்கள். பெரிய கை ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: யார் எப்போது எவ்வளவு போட்டார், பணம் உள்ளே போன நேரத்தில் உங்கள் பங்கு நூறில் எத்தனை. ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைக் கடைசி வரியில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து மறுநாள் கணக்குப் போடுங்கள், மேசையில் வேண்டாம். நீங்கள் பின்தங்கியிருந்து ஜெயித்த கைகளையும் தவறாமல் எழுதுங்கள். அவை ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை, இரண்டு வருடத்தில் ஒன்றுகூட நடக்காமல் இருந்திருக்காது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் குறிப்பேட்டைத்தான். அநியாயமாகத் தோற்றேன் என்று அவர்கள் கொண்டுவரும் கைகளில் பல, 65-க்கு 35 என்ற அளவிலானவை. ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு வைத்திருப்பவர் ஃப்ளாப்புக்குப் பிறகு ஐந்தாவதையும் பிடித்து ஃப்ளஷ் அடிப்பது நூறில் 35 முறை நடக்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நடக்கிற ஒன்றை அநியாயம் என்று சொல்ல முடியாது.

அந்தப் பெரியவர் விஷயம். அவரிடம் கத்தியதற்கு அடுத்த முறை பார்க்கும்போது வருத்தம் தெரிவியுங்கள். அவர் தன் பணத்தில், தன் விருப்பத்துக்கு, சந்தோஷத்துக்காக ஆட வந்தவர். உங்களுக்கு அவர் எந்தத் தவறும் இழைக்கவில்லை. இதை மரியாதைக்காக முதலில் சொல்கிறேன். ஆட்டத்தின் கணக்கும் அதையே சொல்கிறது: அவமானப்பட்டவர் மேசையை விட்டு எழுந்துவிடுவார், அல்லது அடுத்த முறை 10-9-ஐ ஆடாமல் கீழே போட்டுவிடுவார். இரண்டிலும் இழப்பு உங்களுக்கு. மேசையில் பாடம் எடுக்காதீர்கள், சதவீதம் சொல்லாதீர்கள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுக்கவும் வேண்டாம். அவருக்கு இடது பக்கத்து நாற்காலி காலியானால் அங்கே மாறிக்கொள்ளுங்கள், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அவர் எதற்கும் கால் செய்பவர் என்று தெரிந்த பிறகு அவரிடம் பொய்யாக ரெய்ஸ் செய்யாதீர்கள். நல்ல கை வரும்போது சற்று அதிகமாகப் போடுங்கள். அதற்குமேல் தந்திரம் எதுவும் தேவையில்லை.

இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. நீங்கள் அவர்களைவிட நன்றாக ஆடுகிறீர்கள் என்பது நிச்சயமா? இரண்டு வருடக் கணக்கு கடிதத்தில் இல்லை. 1-3 மேசையில் கார்டு ரூம் ஒவ்வொரு கைக்கும் எடுத்துக்கொள்ளும் கட்டணம், டீலருக்குக் கொடுக்கும் டிப்ஸ் எல்லாம் போக, நல்ல ஆட்டக்காரர் மணிக்கு மூன்று பிக் பிளைண்ட், அதாவது 9 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைப்போம். ஏற்ற இறக்கம் மணிக்கு ஏறக்குறைய 150 டாலர் இருக்கும். இந்த அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கில், வருடத்துக்கு 300 மணி நேரம் ஆடினால் இப்படிப்பட்ட நல்ல ஆட்டக்காரர்களிலேயே ஏழில் ஒருவர் வருட முடிவில் நஷ்டத்தில்தான் இருப்பார். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு முழு வருடம் தோற்கலாம், இதை மனசார ஏற்றுக்கொண்டால் ஒரு சனிக்கிழமையின் இரண்டு கை அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டு வருடம், 600 மணி நேரம் என்று போனால் அந்த ஏழில் ஒருவர் பதினான்கில் ஒருவராகக் குறைகிறார். உங்கள் இரண்டு வருடக் கணக்கு நஷ்டத்தில் இருந்தால், ஆட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது என்று கருதித் தேடுவதுதான் சரி.

மனைவியிடம் சொல்லும் பொய்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சூதாட்டக் கோளாறைக் கண்டறிய வைத்திருக்கும் ஒன்பது அறிகுறிகளை அறிந்து வைத்திருப்பது என் கடமை என்று நினைக்கிறேன். இழப்பை மறைத்துப் பொய் சொல்வது அதில் ஒன்று. விட்டதைப் பிடிக்கத் திரும்ப வருவது ஒன்று. தொகையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றுவது ஒன்று. நான்கு இருந்தால் கோளாறு என்று கருதுவார்கள். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்த வாரமே மனைவியோடு உட்கார்ந்து வங்கிக் கணக்கைப் பார்த்து, இரண்டு வருடத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், அது அவருக்கும் தெரிந்த கணக்காக இருக்கட்டும். வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பணத்தை மேசையில் வைத்துக்கொண்டு யாராலும் நிதானமாக இருக்க முடியாது. உண்மையைச் சொல்லவே முடியவில்லை, அல்லது சொன்ன பிறகும் நிறுத்த முடியவில்லை என்றால் கலிஃபோர்னியாவின் 1-800-426-2537 என்ற எண்ணை அழையுங்கள், இலவசம். அந்த உதவி கிடைக்கும்வரை கார்டு ரூம் பக்கம் போக வேண்டாம்.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. இந்தப் பதிலைப் படித்துவிட்டு, வெளிநாட்டு இணையதளம் எதிலாவது பணம் கட்டி ஆடிப் பார்க்க வேண்டாம்.)

கடைசியாக 5-10 மேசை. போகாதீர்கள். உங்கள் ரெய்ஸை மதிக்கும் ஆட்கள் உங்களுக்கு ஏன் வேண்டும்? நீங்கள் பிழைப்பதே மதிக்காதவர்களை வைத்துத்தான். அங்கே ரெய்ஸை மதித்துச் சீட்டைப் போட்டுவிடுபவர்கள், நீங்கள் எப்போது பயப்படுகிறீர்கள் என்பதையும் கண்டுபிடித்துத் திருப்பி ரெய்ஸ் செய்யத் தெரிந்தவர்கள். 1-3 மேசையில் ஆறு மணி நேரத்தில் 350 டாலர் ஏறி இறங்குவது சாதாரணம். அதே கணக்கில் 5-10 மேசையில் அது 1,200 டாலர். இப்போது 180 டாலருக்குக் கத்துகிறீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். குறிப்பேட்டில் 300 மணி நேரம் சேரட்டும், மனைவிக்குத் தெரிந்த தனிக் கணக்கில் 5-10 மேசைக்கு இருபது பை-இன், அதாவது 20,000 டாலர் இருக்கட்டும். அப்போது அந்தக் குறிப்பேட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.